மதியம் 03, மாலை 04: ஹைப்ரிட் இன்வெர்ட்டரில் ஒரு கேபிள் லக்கைத் தேடிப் போனது

எங்கள் வீட்டு சோலார் இன்வெர்ட்டர் மதியத்தில் 03 என்று காட்டி நின்றது. அதே நாள் மாலை 04 என்று காட்டி நின்றது. கையேட்டைப் புரட்டினால் 03 என்றால் பேட்டரி வோல்டேஜ் மிக அதிகம், 04 என்றால் மிகக் குறைவு. அதே நான்கு பேட்டரிகள்தான், நடுவில் சில மணி நேரம்தான். இரண்டும் சேர்ந்து வந்ததால்தான் கோளாறு பிடிபட்டது. 04 மட்டும் வந்திருந்தால் நானும் பேட்டரிக் கடைக்குத்தான் போயிருப்பேன்.

முதலில் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். வீடு உடுமலைப்பேட்டை பக்கம். 5 கிலோவாட், 48 வோல்ட் ஹைப்ரிட் இன்வெர்ட்டர் (பேனல், பேட்டரி, ஈபி மூன்றையும் சேர்த்துக் கையாளும் வகை). 12 வோல்ட் 150 ஏஎச் டியூபுலர் பேட்டரி நான்கு, ஒன்றன்பின் ஒன்றாக சீரிஸில். மாடியில் 335 வாட் பேனல் ஒன்பது. மூன்று மூன்றாக சீரிஸில் போட்டு, மூன்று வரிசைகளையும் பேரலலில் சேர்த்திருக்கிறது. வீட்டு லோடு போக 1 எச்பி தண்ணீர் மோட்டாரும் இதில்தான் ஓடுகிறது.

நான் சொல்லும் எண்கள் தைவானின் வோல்ட்ரானிக் பவர் நிறுவனம் உருவாக்கிய ஆக்ஸ்பர்ட் வகைக்கு உரியவை. அதே பலகை பல பெயர்களில், பல நிற டப்பாக்களில் விற்கிறது என்பதால் உங்கள் வீட்டுக் கருவியிலும் இதே எண்கள் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. வேறு வகையாக இருந்தால் எண் மாறும், தேடும் முறை மாறாது.

இந்த வகையில் ஒரே எண்ணுக்கு இரண்டு நிலைகள் உண்டு. சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிந்தால் அது எச்சரிக்கை; இன்வெர்ட்டர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். விடாமல் எரிந்து, பீப் சத்தமும் விடாமல் வந்தால் அது ஃபால்ட், அவுட்புட் நின்றுவிட்டது. 04 எச்சரிக்கைக்கு விநாடிக்கு ஒரு பீப். ஓவர்லோடு என்ற 07 எச்சரிக்கைக்கு அரை விநாடிக்கு ஒன்று. ஃபேன் நின்றுபோனால் விநாடிக்கு மூன்று. சத்தத்தை வைத்தே பாதி கண்டுபிடிக்கலாம் என்பதால், போனில் அழைப்பவர்களிடம் முதலில் பீப் எப்படி வருகிறது என்றுதான் கேட்கிறேன்.

பொருத்திக் கொடுத்த தம்பியை வரச்சொன்னேன். திரையைப் பார்த்ததும், "அண்ணா, பேட்டரி போயிருச்சுங்க. நாலையும் மாத்திரலாம்" என்றார். நான்கு டியூபுலர் என்றால் அறுபதாயிரத்துக்குப் பக்கத்தில் வரும். "சரி தம்பி, பேட்டரி போயிருந்தா மதியம் 03 எதுக்கு வருது?" என்று கேட்டேன். அதுவும் பேட்டரிக் கோளாறுதான் என்றார். அவரைக் குறை சொல்லவில்லை. ஒரு நாளில் பல வீடுகளுக்கு ஓடுகிறவருக்கு எண்ணைப் பார்த்துப் பொருளை மாற்றுவதுதான் விரைவான வழி. ஆனால் அந்தப் பணம் நம்முடையது.

அதனால் ஒரு நோட்டு எடுத்து இன்வெர்ட்டர் பக்கத்தில் மாட்டினேன். எரர் வரும்போதெல்லாம் மணி, வெயிலா மேகமா, என்னென்ன ஓடிக்கொண்டிருந்தது, திரையில் பேட்டரி வோல்டேஜ் எவ்வளவு என்று வீட்டில் இருப்பவர் யாராக இருந்தாலும் எழுத வேண்டும். அம்மாதான் இதை ஒழுங்காகச் செய்தார். அந்தப் பக்கங்களைச் சேர்த்துப் படித்தபோது ஒரு ஒழுங்கு தெரிந்தது. 04 எப்போதுமே வெயில் இறங்கிய பிறகு, மோட்டார் போட்ட அந்த நொடியில் வந்தது. அதே மோட்டாரைப் பகல் பதினொரு மணிக்குப் போட்டால் ஒன்றும் ஆகவில்லை. 03 எப்போதுமே நல்ல வெயிலில், சார்ஜ் கரண்ட் உச்சத்தில் இருக்கும்போது வந்தது. இரண்டுக்கும் பொதுவாக இருந்தது ஒன்றுதான்: பேட்டரி கேபிளில் நிறைய கரண்ட் ஓடிக்கொண்டிருந்த நேரம்.

பகலில் மோட்டாருக்கு வேண்டிய பெரும்பகுதி பேனலிலிருந்தே நேராகப் போய்விடுகிறது. மாலையில் முழுவதும் பேட்டரியிலிருந்து வர வேண்டும். 1 எச்பி மோட்டார் கிளம்பும்போது ஓடும் கரண்டைப் போல ஐந்து மடங்குக்கு மேல் கூட இழுக்கும். அந்த நொடியில் 48 வோல்ட் பக்கம் நூறு ஆம்பியரைத் தாண்டிவிடும். இந்தக் கருவி கட் ஆகும் புள்ளி 42 வோல்ட். ஆக, பேட்டரியே 42-க்கு இறங்குகிறதா, இல்லை பேட்டரியில் நல்ல வோல்டேஜ் இருந்தும் வழியில் எங்கோ தொலைகிறதா என்பதுதான் கேள்வி. இதற்கு மல்டிமீட்டர் போதும்.

அளக்கும் முன் ஒரு வார்த்தை. 48 வோல்ட் ஷாக் அடிக்காது என்று நினைத்து அலட்சியமாகக் கை வைக்க வேண்டாம். பேட்டரி முனைகளுக்குக் குறுக்கே ஸ்பேனர் விழுந்தால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் ஓடும். ஸ்பேனரே உருகிச் சிதறும். மோதிரம், வாட்ச், கழுத்துச் செயின் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். ஸ்பேனரின் பிடியில் இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொள்ளுங்கள். பேனல் பக்கம் இன்னும் ஆபத்து. வெயில் இருக்கும்வரை அதில் உயிர் இருக்கும், அணைக்கவே முடியாது. ஓடிக்கொண்டிருக்கும்போது பேனல் ஒயர்களைச் சேர்க்கும் எம்சி4 இணைப்பைப் பிடுங்கினால் டிசி ஆர்க் பிடித்துக்கொள்ளும். ஏசி மாதிரி தானாக அணையாது.

மாலை, வெயில் போன பிறகு, பேனல் பக்கத்தைத் துண்டிக்கும் சுவிட்சான பிவி ஐசொலேட்டரை அணைத்தேன். ஈபி இன்புட்டையும் அணைத்தேன். மோட்டார், ஃபிரிட்ஜ், ஃபேன்கள் எல்லாம் சேர்த்து சுமார் 1,700 வாட் ஓட்டினேன். பேட்டரியிலிருந்து 40 ஆம்பியர் போய்க்கொண்டிருந்தது. டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டரில் பார்த்தேன். (சாதாரணக் கிளாம்ப் ஏசி மட்டும்தான் அளக்கும், வாங்கும்போது கவனியுங்கள்.) இன்வெர்ட்டர் திரையில் 47.2 வோல்ட். அதே நேரத்தில் முதல் பேட்டரியின் பிளஸ் முனைக்கும் கடைசி பேட்டரியின் மைனஸ் முனைக்கும் நடுவே மீட்டர் வைத்தால் 48.6.

1.4 வோல்ட் வழியில் காணாமல் போகிறது.

இவ்வளவு போகக் கூடாது. போட்டிருப்பது 35 ஸ்கொயர் எம்எம் செம்புக் கேபிள். மீட்டருக்கு அரை மில்லி ஓம் சொச்சம்தான் தடை. போக வர நான்கு மீட்டர் என்றாலும் 40 ஆம்பியரில் 0.1 வோல்ட்கூட விழாது. ஒவ்வொரு பேட்டரியையும் லோடு ஓடும்போதே தனித்தனியாக அளந்தேன். நான்குமே 12.1-க்கும் 12.2-க்கும் நடுவில். ஒன்று கெட்டுப்போயிருந்தால் அது மட்டும் 11-க்குக் கீழே சரிந்து நின்றிருக்கும். லோடு இல்லாமல் அளந்து எல்லாம் 12.6 இருக்கு என்று சொல்வதில் பயன் இல்லை. கெட்ட பேட்டரியும் சும்மா இருக்கும்போது நல்ல எண்ணைக் காட்டும்.

அப்புறம் மீட்டரை மில்லிவோல்ட்டுக்கு மாற்றி, கரண்ட் போகும் பாதையில் ஒவ்வொரு இணைப்புக்கும் குறுக்கே இரண்டு முனைகளையும் வைத்துக்கொண்டே போனேன். வீட்டு சோலார் வைத்திருப்பவர்கள் ஒரே ஒரு பரிசோதனை கற்றுக்கொள்வதாக இருந்தால் இதைக் கற்றுக்கொள்ளுங்கள். மீட்டரில் ஓம் வைத்து அளந்தால் இது பிடிபடாது. இருபது முப்பது மில்லி ஓம் என்பது சாதாரண மீட்டரின் ஒயர் தடையைவிடக் குறைவு. ஆனால் 40 ஆம்பியர் ஓடும்போது அதே தடை ஒரு வோல்ட்டாக வெளியே வந்து நிற்கும்.

பிளஸ் முனைக்கும் லக்குக்கும் (கேபிள் நுனியில் அழுத்திப் பொருத்தி, போல்ட்டில் மாட்டும் செம்பு முனை) நடுவே சில மில்லிவோல்ட். நல்லது. பிளஸ் கேபிள் முழுக்க 45. டிசி பிரேக்கரில் உள்ளே வரும் முனைக்கும் வெளியே போகும் முனைக்கும் நடுவே 100 மில்லிவோல்ட். கொஞ்சம் கூடுதல்தான், ஆனாலும் தாங்கலாம். மைனஸ் பக்கம் பேட்டரி முனைக்கும் லக்குக்கும் நடுவே 8. அடுத்து ஒரு ஊசியைக் கேபிளின் மேலுறையில் குத்தி, உள்ளே இருக்கும் செம்பைத் தொடவைத்து, லக்குக்கும் செம்புக்கும் நடுவே அளந்தேன். 1,100 மில்லிவோல்ட். காணாமல் போனதில் முக்கால் பங்குக்கு மேல் அங்கேதான் இருந்தது.

வெளியிலிருந்து பார்க்க அந்த லக் பளபளவென்று இருந்தது, போல்ட்டும் இறுக்கமாக இருந்தது. அதனால்தான் போல்ட்டை மட்டும் முறுக்கிப் பார்த்தவர்கள் கண்ணில் இது படவில்லை. 1.1 வோல்ட், 40 ஆம்பியர் என்றால் 44 வாட் சூடு. ஒரு சால்டரிங் அயர்ன் அந்த லக்குக்குள் எரிந்துகொண்டிருப்பது மாதிரி. லோடை அணைத்து லக்கைத் தொட்டால் விரல் வைக்க முடியவில்லை. பக்கத்து லக் கை சூடுகூட இல்லை.

இப்போது 03-க்கும் காரணம் விளங்கியது. இன்வெர்ட்டருக்கு பேட்டரியின் வோல்டேஜ் தெரியாது. தன் டெர்மினலில் வந்து சேர்வதுதான் தெரியும். மாலையில் கரண்ட் பேட்டரியிலிருந்து வருகிறது. வழியில் இழந்ததைக் கழித்துக் குறைவாகப் பார்க்கிறது, 04 என்கிறது. பகலில் கரண்ட் பேட்டரிக்குள் போகிறது. அதே இழப்பு இப்போது கூட்டலாக மாறி, பேட்டரியில் இருப்பதைவிட அதிகமாகப் பார்க்கிறது. எங்கள் கருவியில் சார்ஜ் கரண்ட் 30 ஆம்பியர், டியூபுலருக்கான பல்க் வோல்டேஜ், அதாவது சார்ஜ் ஏற்றிக்கொண்டு போகும் மேல் எல்லை, 57.6. இன்வெர்ட்டர் 57.6 வந்துவிட்டது என்று கரண்டைக் குறைக்க ஆரம்பிக்கும்போது பேட்டரியில் 56.8-கூட இருக்காது. அதற்கு மேல், சூட்டில் விரிந்த லக் ஒரு கணம் தொடர்பு விட்டால், பேனலிலிருந்து வரும் கரண்டுக்குப் போக இடமில்லாமல் டெர்மினல் வோல்டேஜ் சட்டென்று எகிறும். அந்த எகிறல்தான் 03.

ஹைட்ரோமீட்டரும் இதையே சொன்னது. எங்கள் பேட்டரிகளுக்கு முழுச் சார்ஜில் அமில அடர்த்தி 1.240 இருக்க வேண்டும். நான்கிலும் எல்லா செல்லிலும் 1.210 ஒட்டியே இருந்தது. ஒரு செல் மட்டும் குறைந்திருந்தால் அந்தச் செல் கோளாறு. எல்லாம் சமமாகக் குறைந்திருந்தால் பேட்டரி வெகு நாளாக அரைவயிற்றோடு இருக்கிறது என்று பொருள். இப்படியே விட்டிருந்தால் சல்பேட் படிந்து பேட்டரி உண்மையிலேயே போயிருக்கும். புதுப் பேட்டரி நான்கையும் அதே லக் தின்றிருக்கும்.

சரிசெய்த விதம்

நிறுத்தும் வரிசை முக்கியம். முதலில் வீட்டு லோடு, அப்புறம் இன்வெர்ட்டர் சுவிட்ச், ஈபி இன்புட், பிவி ஐசொலேட்டர், கடைசியாக பேட்டரி பிரேக்கர். பேனல் இணைந்திருக்கும்போது பேட்டரியை மட்டும் கழற்றக் கூடாது. உள்ளே இருக்கும் கெபாசிட்டர்கள் அணைத்த பிறகும் சார்ஜ் வைத்திருக்கும் என்பதால் பத்து நிமிடம் காத்திருந்தேன்.

லக்கை வெட்டி எடுத்து நீளவாக்கில் அறுத்துப் பார்த்தேன். சுத்தியலால் தட்டி நசுக்கியிருந்தார்கள். ஒரு பக்கம் மட்டும் கம்பிகள் அழுந்தியிருந்தன, மறுபக்கம் வெற்றிடம். அமில ஆவி உள்ளே போய்க் கம்பிகள் கறுத்துப் போயிருந்தன. கேபிளின் மேலுறையைச் சீவிக்கொண்டே போய், செம்பு பளிச்சென்று தெரியும் இடம் வரை, சுமார் நான்கு அங்குலம், வெட்டினேன்.

காயில் கட்டும் கடையில் லக்கை அழுத்திப் பொருத்தும் ஹைட்ராலிக் கிரிம்பர் இருந்தது, கேட்டதும் கொடுத்தார்கள். 35 ஸ்கொயர் எம்எம் அளவுள்ள டை போட்டு, அதே அளவு செம்பு லக்கில் இரண்டு இடத்தில் அழுத்தினேன். கிரிம்ப் சரியாக இருந்தால் உள்ளே கம்பியும் லக்கும் ஒரே கட்டியாகிவிடும். ஈயம் உருக்கி ஊற்றினால் இன்னும் உறுதி என்று சிலர் சொல்வார்கள், நான் சேர்க்கவில்லை. ஈயம் இளகும் சூடு இந்த இடத்தில் வரக்கூடியதுதான், அதோடு ஈயம் ஏறிய இடத்தில் கேபிள் வளையாமல் விறைத்து முறியும். லக் வாய்க்கு மேல், சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும் ஹீட் ஷ்ரிங்க் உறை. பேட்டரி முனையில் படிந்திருந்த வெள்ளைப் பச்சைப் பொடியை, செல் மூடிகள் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, வெந்நீரில் கரைத்த ஆப்பசோடாவால் கழுவித் துடைத்தேன்.

மாட்டும்போது ஒன்று: லக் நேராக ஈய முனையின்மேல் உட்கார வேண்டும். வாஷர் லக்குக்கு மேலேதான். முனைக்கும் லக்குக்கும் நடுவில் ஸ்டீல் வாஷர் போட்டால் கரண்ட் அதன் வழியாகத்தான் போக வேண்டும்; ஸ்டீல் செம்பைவிட மிக மோசமான கடத்தி. போன வீடுகளில் நான் அடிக்கடி பார்ப்பது இந்த வாஷர்தான். இறுக்கிய பிறகு மேலே பெட்ரோலியம் ஜெல்லி.

போடும்போது பேட்டரி முதலில், பேனல் கடைசியில். மாலையில் அதே 40 ஆம்பியரில் திரையில் 48.3, பேட்டரி முனையில் 48.6. வித்தியாசம் 1.4-லிருந்து 0.3-க்கு வந்துவிட்டது. மோட்டார் கிளம்பியது, 04 வரவில்லை. மற்ற மூன்று பெரிய லக்குகளையும் அதே கையோடு மாற்றிவிட்டேன். அவற்றையும் கட்டியவர் அதே சுத்தியல்காரர்தான். எல்லா செல்லையும் சமமாக நிரப்பும் ஈக்வலைசேஷன் சார்ஜ் கொடுத்து, டிஸ்டில்ட் வாட்டர் அளவு பார்த்துக்கொண்டே வந்ததில் அடர்த்தி மெல்ல மெல்ல 1.240-ஐ எட்டியது. 03-ம் அதற்குப் பிறகு வரவில்லை.

மற்ற எண்கள்

இந்த வேலையைப் பார்த்து அக்கம்பக்கத்தில் அழைக்க ஆரம்பித்தார்கள். பெரும்பாலானவை சின்ன விஷயங்கள். ஓவர் டெம்பரேச்சர் என்ற 02-ம், அதற்கு முன் வரும் 10 எச்சரிக்கையும் சித்திரை, வைகாசியில் தகரக் கூரைக்கு அடியில் மாட்டிய கருவிகளில் வருகின்றன. ஃபேன் வலையில் தூசியும் பஞ்சும் அடைத்திருக்கும். திருப்பூர்ப் பக்கம் பனியன் பஞ்சு, பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய் நார்த் தூள். பிரஷ் வைத்துத் துடைத்து, மேலும் கீழும் காற்றுப் போக இடம் விட்டால் போதும்.

இன்வெர்ட்டர் எரர் காட்டாமலேயே ஈபி கரண்டை ஏற்க மறுக்கிறது என்பார்கள். அமைப்பு 03-ஐப் பாருங்கள் (எரர் 03 வேறு, செட்டிங் 03 வேறு). ஈபி எந்த வோல்டேஜ் வரை ஏற்கலாம் என்பதை முடிவு செய்வது அதுதான். யுபிஎஸ் என்று வைத்திருந்தால் 170 வோல்ட்டுக்குக் கீழே ஈபியை விட்டுவிடும். ஏபிஎல் (அப்ளையன்ஸ், சாதாரண வீட்டுச் சாதனங்களுக்கு) என்றால் 90 வரை ஏற்கும். சாயங்காலம் 160-க்கு இறங்கும் கிராமத்து லைனில் இதுதான் முழுக் கோளாறும். கம்ப்யூட்டர் இருக்கும் வீட்டில் மட்டும் யுபிஎஸ்ஸிலேயே விட்டு வைக்கலாம்.

அவுட்புட் ஷார்ட் என்ற 05 வந்தால் அவுட்புட் ஒயரைக் கழற்றிவிட்டுப் போடுங்கள். எண் போய்விட்டால் ஷார்ட் வீட்டு வயரிங்கில். ஒயரே இல்லாமலும் 05 வந்தால் உள்ளே பவர் பாகங்கள் போயிருக்கின்றன. 09, 53, 57 மூன்றும் பெரும்பாலும் உள்பக்கக் கோளாறு. மூடியைத் திறக்க வேண்டாம். உள்ளே பஸ் வோல்டேஜ் நானூறுக்குப் பக்கத்தில் இருக்கும். சர்வீசுக்குக் கொடுத்துவிடுங்கள்.

வித்தியாசமான ஒன்று குன்னூரில் என் மச்சான் வீட்டில் வந்தது. கருவி பழைய வகை. பேனல் பக்கம் 145 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. ஆறு 325 வாட் பேனல்கள், மூன்று சீரிஸ், இரண்டு வரிசை. அவற்றைக் கழற்றி ஆறு 540 வாட் புதுப் பேனல்களை அதே மூன்று சீரிஸில் மாட்டியிருந்தார்கள். காலையில் பேனல் வோல்டேஜ் அதிகம் என்ற எச்சரிக்கையோடு சார்ஜ் நின்றுவிடும். மதியம் தானாகச் சரியாகிவிடும். இன்வெர்ட்டர் பழசாகிவிட்டது, மாற்ற வேண்டும் என்று அங்கே ஒருவர் சொல்லியிருந்தார்.

"மாப்ளே, மதியம் நல்லாத்தான ஓடுது?" என்று மச்சான் கேட்டதில்தான் விடை இருந்தது. 540 வாட் பேனலின் பின்பக்க ஸ்டிக்கரில் ஓப்பன் சர்க்யூட் வோல்டேஜ் (கரண்ட் எடுக்காதபோது இருக்கும் வோல்டேஜ்) 49.5. மூன்றுக்கு 148.5, 25 டிகிரியிலேயே எல்லை தாண்டிவிட்டது. பேனல் குளிர்ந்தால் வோல்டேஜ் ஏறும். இந்த வகையில் டிகிரிக்கு 0.27 சதவீதம். மார்கழிக் காலையில் பேனல் 10 டிகிரியில் இருந்தால் 154-ஐத் தாண்டும். மதியம் பேனல் சூடேறி 47 டிகிரி வந்தால் 140-க்கு இறங்கும், எச்சரிக்கை போய்விடும். மதியம் ஓடுகிறது என்று விட்டுவைக்கக் கூடாத கோளாறு இது. ஒவ்வொரு காலையும் எம்பிபிடி (பேனலிலிருந்து முழுச் சக்தியை எடுத்து சார்ஜ் செய்யும் பகுதி) பாகங்கள் தாங்கும் எல்லைக்கு மேல் அடி வாங்குகின்றன. ஒரு நாள் எச்சரிக்கை இல்லாமல் வெடிக்கலாம்.

இரண்டு சீரிஸ், மூன்று வரிசையாக மாற்றினோம். காலைக் குளிரிலும் 103 வோல்ட். ஓடும்போது 83 சொச்சம், எம்பிபிடி வேலை செய்யும் 60 முதல் 115 வரைக்கு நடுவில். மூன்று வரிசை ஆனதும் புதிதாக ஒரு தேவை வந்தது. ஒரு வரிசையில் ஷார்ட் ஆனால் மற்ற இரண்டும் சேர்ந்து அதற்குள் 27 ஆம்பியருக்கு மேல் தள்ளும். அந்தப் பேனல் தாங்கும் ஃபியூஸ் அளவு 25 ஆம்பியர்தான். அதனால் ஒவ்வொரு வரிசைக்கும் டிசி ஃபியூஸ் போட்டு, மூன்று வரிசைகளையும் ஒன்றாகச் சேர்க்கும் ஒரு சின்ன காம்பைனர் பெட்டி வைத்தோம். பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் காலை வோல்டேஜ், மதிய வோல்டேஜ், பேனல் அளவு மூன்றையும் மார்க்கரால் எழுதி ஒட்டியிருக்கிறது. அடுத்து யார் வந்து பேனல் மாற்றினாலும் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும் என்று மச்சானிடம் சொல்லிவிட்டு வந்தேன்.